மதம் எண் பதினான்கு

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பராமரிப்புப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். காலியாக விட்டால் ஆபத்து. பார்க்காத பிரேக்கைப் பார்த்ததாகப் பிற்பாடு எவனாவது எழுதிவைப்பான், ஒருநாள் ஏழாம் மாடியில் ஏறிய குடும்பம் பொத்தானை அமுக்காமலே தரைத்தளத்துக்கு வந்துசேரும். நம்முடைய லிஃப்ட்காரர் இருபத்திரண்டு வருடமாகக் கோடு இழுத்துப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

அவருக்கும் கடவுளுக்கும் சண்டையும் கிடையாது, சகவாசமும் கிடையாது. கடவுள் மேலே இருக்கிறார் என்று யாராவது சொன்னால் எத்தனாவது மாடி என்று கேட்பார். கிண்டலுக்காக அல்ல, தொழில் அப்படி. அவர் மனைவி நகல் எடுக்கும் கடை ஒன்று வைத்திருந்தார். "ஊர்ல எல்லாரோட மதச் சான்றிதழையும் ரெண்டு ரெண்டு காப்பி எடுத்துக் குடுத்தாச்சு. நமக்குன்னு ஒண்ணு வாங்கத்தான் நேரமில்ல" என்று சிரிப்பார். சிரித்தால் இப்போதெல்லாம் மூச்சு வாங்கியது. பிறகு சிரிக்காமலே வாங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு ஓய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது என்றார்.

லிஃப்ட்காரருக்கு அது புரிந்தது. வால்வு போனால் வால்வை மாற்ற வேண்டியதுதான். அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டையும் அவர்தான் பராமரித்தார் என்பதால் ஆட்கள் எல்லாம் தெரிந்தவர்கள். சேர்க்கைப் படிவத்தை வாங்கி மடமடவென்று நிரப்பினார். பதினேழாவது கட்டத்தில் 'நோயாளி மற்றும் துணைவரின் மதம்' என்று இருந்தது. எழுத ஒன்றுமில்லை. கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.

இரண்டாம் நாள் நம்பிக்கை வகைப்பாட்டுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நேரில் வரவேண்டும் என்று இருந்தது. எதற்கு என்று இல்லை.

அந்தத் துறையின் கவுன்டரில் இருந்த பெண் அவருடைய படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது நீங்க போட்ட கோடா?"

"ஆமாங்க."

"காலியா விட்டிருந்தா மறந்துட்டாருன்னு நாங்களே ஏதாவது ஒண்ணு போட்டு அனுப்பியிருப்போம். தெனமும் நாப்பது அப்படித்தான் போடுறோம். நீங்க கோடு போட்டிருக்கீங்க. கோடுன்னா யோசிச்சுப் போட்டதுன்னு அர்த்தம் சார்."

"யோசிக்கலைங்க. கை பழக்கம்."

"பழக்கமா?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு வருஷமா."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 'இருபத்திரண்டு வருடமாகத் தினந்தோறும் கடைப்பிடித்து வருகிறார்.' பிறகு குரலைத் தாழ்த்தி, "டைரக்டரே உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார். அனுதாபமா வாழ்த்தா என்று லிஃப்ட்காரருக்குப் பிடிபடவில்லை.

இயக்குநரின் அறை கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிது. சுவரில் பதின்மூன்று சட்டங்கள், பதின்மூன்று மதங்களுக்கு. பதினான்காவதாக ஒரு ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்கள். இயக்குநர் எழுந்து வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா இந்தத் துறைக்கு ஒரு புது மதம் வரலைங்க. மேல இருக்கறவங்க எங்களை மூடிடலாமான்னு பாக்கறாங்க. நூத்தி எழுபது குடும்பம் இந்தத் துறையை நம்பி இருக்கு. கரெக்டான நேரத்துல வந்தீங்க."

"ஐயா, என் சம்சாரத்துக்கு ஆப்பரேஷன். அந்தப் படிவம் வந்தாப் போதும்."

"வந்துடும், வந்துடும். நீங்க நாத்திகர்தானே?"

"அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நான் அதைப் பத்தி நெனச்சதே இல்ல."

"நெனைக்கவே தேவையில்லாத அளவுக்கு ஊறிப்போன நம்பிக்கை," என்று இயக்குநர் பக்கத்தில் நின்ற ஆய்வாளரிடம் சொன்னார். ஆய்வாளர் குறித்துக்கொண்டார். அந்த ஆய்வாளர் பெரிய உடம்புக்காரர், பேசவே மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார்.

லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தார். "ஐயா, லிஃப்டே இல்லாத கட்டடத்துக்கு நான் போய் சர்வீஸ் பண்ண முடியுமா? இல்லாதது எப்படிங்க ஒரு மதமாகும்?"

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் மலர்ந்தார். "நல்லா கேட்டீங்க. லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கும் 'லிஃப்ட் இல்லை'ன்னு சான்றிதழ் வேணும். சான்றிதழ்னா அதுக்கு ஒரு ஆய்வு இருக்கும். ஆய்வுன்னா ஒரு ஆய்வாளர் இருப்பாரு. ஆய்வாளர் இருக்காருன்னா அவரு பாக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருந்துதானே ஆகணும்? சும்மா சம்பளம் குடுப்போமா? மதம்னா என்னங்க? கடவுளா? இந்தப் பதின்மூணுல ரெண்டுல கடவுளே தெளிவா இல்ல, நாங்க விட்டுட்டோமா? மதம்னா ஒரு கோப்பு. கோப்பு இருந்தா மதம் இருக்கு."

அன்று மாலையே கோப்பு தொடங்கப்பட்டது. படிவத்தில் அவர் இழுத்த கோட்டை வெட்டி எடுத்து, சட்டம் போட்டு, அந்த ஆணியில் மாட்டினார்கள். நாத்திகம், மதம் எண் பதினான்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இதில் அவர் கிணறுகூட வெட்டவில்லை, ஒரு கோடுதான் இழுத்தார்.

மனைவியிடம் வந்து சொன்னபோது கட்டிலில் சாய்ந்திருந்தவர் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார். "ஏங்க, ஒரு புது மதத்தை ஆரம்பிச்சிட்டு வந்து நிக்கறீங்களே! காய்கறி வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துடுவீங்க, இது மட்டும் எப்படி?"

"படிவம் வந்துடும்னு சொல்றாங்க."

"அப்பச் சரி. எந்த எண்ணா இருந்தா நமக்கென்ன. நெஞ்சுக்குள்ள என்ன எண்ணா எழுதியிருக்கு?"

படிவம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சாவி வந்தது. ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு வழிபாட்டிடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. பதினான்காம் எண்ணுக்கு ஒரு காலி அறையை ஒதுக்கியிருந்தார்கள். அதில் யாரும் வழிபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளியையும் போட்டிருந்தார்கள். தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை லிஃப்ட்காரர் அங்கே வந்து வழிபடாமல் இருக்கவேண்டும். வராவிட்டால் வேறெங்கோ வழிபடுகிறார் என்று பொருள். வருகைப் பதிவேடு உண்டு.

முதல்நாள் அவர் போய் வெறுமனே நின்றார். பெரிய உடம்புக்கார ஆய்வாளர் எதிரே நாற்காலி போட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கை மறுநாளே கிடைத்தது: '6.25 மணிக்கு உதடு அசைந்தது. 6.40 மணிக்குக் கண் மூடியது. விளக்கம் கேட்கப்படுகிறது.'

"மனைவியோட மாத்திரையை எண்ணிக்கிட்டிருந்தேங்க," என்று லிஃப்ட்காரர் விளக்கம் எழுதினார். "கண்ணு தானா மூடிடுச்சு. ராத்திரி அவங்களுக்கு மூச்சுத் திணறல், நான் தூங்கலை." விளக்கம் ஏற்கப்பட்டது, எச்சரிக்கையுடன்.

மூன்று வாரத்தில் ஒரு வாரம் இப்படிப் போயிற்று. மனைவியை ஆஸ்பத்திரியின் தரைத்தள வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அறுவைக்கூடம் ஏழாம் மாடியில். நடுவில் அந்தப் படிவம்தான் இல்லை. ஒவ்வொரு நாளும் மனைவியின் கால் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. அவர் அதைப் போர்வையால் மூடி மறைத்தார். லிஃப்ட்காரர் பார்க்காததுபோல் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

பத்தாம் நாள் உறை வந்தது. தடிமனான, நல்ல காகிதம். மதம் என்றால் கொள்கை வேண்டுமே என்று துறை மூன்று பேர் கொண்ட குழு அமைத்திருந்ததாம். சொந்த மதத்தைப் பற்றிச் சொந்த மதத்தவரிடம் கேட்டால் பாரபட்சம் வரும் என்பதால் மூன்று பேரையும் வேறு மதங்களிலிருந்து எடுத்திருந்தார்கள். குழு ஒரே நாளில் பதினான்காம் மதத்தின் கொள்கைகளைக் கண்டுபிடித்துவிட்டது. லிஃப்ட்காரர் வார்டு வாசலில் நின்று படித்தார். படித்தது புரியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டாக்டர் சத்தமாகப் படித்தார். "இம்மதத்தவருக்கு மறுபிறவியோ மறுமையோ இல்லை. ஆகவே இவ்வுயிர் ஒன்றே இவர்களுக்கு உரியது. ஆகவே அவ்வுயிரை அபாயத்துக்கு உட்படுத்துவது இம்மதத்தின் அடிப்படைக்கே விரோதம். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு உயிர் ஆபத்துள்ள அறுவைச் சிகிச்சை இம்மதத்தவருக்கு விலக்கப்படுகிறது. தங்கள் மத உணர்வுகளை இத்துறை முழுமையாக மதிக்கிறது."

டாக்டர் காகிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார்.

"ஆப்பரேஷன் பண்ணலைன்னா நூத்துக்கு எத்தனை டாக்டர்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"நூத்துக்கு நூறு. ஆனா அதுல நான் கை வைக்கலையே. அதனால அது மதத்துக்கு விரோதம் ஆகாதுன்னு எழுதியிருக்காங்க, ரெண்டாவது பக்கத்துல." டாக்டருக்குக் கோபத்தில் காது சிவந்திருந்தது. "வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்களுக்காகத் தியேட்டரை வச்சிருக்கேன். அதுக்கு மேல அந்த இதயம் தாங்காது. அதுக்குள்ள இந்தப் பேப்பரை மாத்திட்டு வாங்க. இது இருக்கறப்ப நான் கத்தியை எடுத்தா மறுநாள் எனக்கு லைசென்ஸ் இருக்காது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்த மதத்தில் சாமியே கிடையாது, பூசாரி மட்டும் நூற்றி எழுபது பேர்.

லிஃப்ட்காரர் துறைக்கு ஓடினார். கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "எனக்கு இந்த மதம் வேணாங்க. அந்தப் பதின்மூணுல எதையாவது போடுங்க. எது மலிவோ அதைப் போடுங்க" என்றார்.

"வெளிய போறது உங்க உரிமை சார்," என்று அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "ஒவ்வொரு மதத்துக்கும் வெளியேறுதல் படிவம் தனி. உங்களோடது இது. எங்க ஆபீஸ்லயே ரொம்பச் சின்னப் படிவம், ஒரே ஒரு கேள்விதான்."

கேள்வி: 'கடவுள் இருக்கிறார் என்பதைத் தாங்கள் எங்கு, எப்போது, எவ்வாறு கண்டறிந்தீர்கள்? சான்று இணைக்கவும் (மூன்று நகல்கள்).'

லிஃப்ட்காரர் அதைக் கொண்டுவந்து மனைவியின் கட்டிலருகில் உட்கார்ந்தார். மனைவிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. இருந்தாலும் தொழில்காரர் அல்லவா, படிவத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பேப்பர்ங்க. மங்காது. ஏதாவது எழுதுங்களேன்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"நீங்க வேற. மூணு காப்பி கேக்கறாங்க. உண்மைக்கு எவனாவது மூணு காப்பி கேப்பானா?" அவ்வளவு பேசியதற்கே மனைவி ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

எழுதுவதற்கு ஒரு இடம் வேண்டும், தேதி வேண்டும், சான்று வேண்டும். முத்திரையோடு அவரிடம் இருந்த ஒரே தாள் பராமரிப்புப் பதிவேடுதான். அதில் போன மாதத்துப் பக்கம் ஒன்றில், ஆஸ்பத்திரி லிஃப்டின் அடிக்குழிக்குள் இறங்கி எண்ணெய் விட்டது, தேதி, நேரம், ஆஸ்பத்திரி முத்திரை எல்லாம் இருந்தன. குழியில் தேங்கிய எண்ணெயில் டார்ச் வெளிச்சம் பட்டுக் கண்ணைப் பறித்ததும் உண்மைதான். அதை அவர் கொஞ்சம் கூட்டி எழுதினார். வெளிச்சம் என்று எழுதினார். குரல் ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம், கேட்டால் என்ன சொன்னது என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டார். மனைவியின் கடையிலேயே போய் மூன்று நகல் எடுத்தார். இயந்திரம் சூடாகும்வரை அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை மாலை நாலரைக்கு அனுமதி கிடைத்தது. மதம் எண் ஆறு. பச்சை முத்திரை. அறுவைத் தடை நீங்கியது என்று தனியே ஒரு வரி. இயக்குநரே கையெழுத்துப் போட்டிருந்தார். லிஃப்ட்காரர் நடைபாதையில் நின்று அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்து அழுதார். டாக்டரிடம் காட்டியபோது டாக்டரும் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவசரத்தில் இரண்டு பேருமே அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்ட்ரெச்சரில் மனைவியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் நாடா கட்டியிருந்தது. அரக்கு முத்திரை வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'புனிதத் தலம். மறு உத்தரவு வரும்வரை இயந்திரத்தை இயக்கக் கூடாது.' அதனருகில் நாற்காலி போட்டு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட் அது ஒன்றுதான்.

"என்னங்க இது?" என்றார் லிஃப்ட்காரர்.

ஆய்வாளர் முதல்முறையாக வாயைத் திறந்தார். மெல்லிய, அன்பான குரல். "நீங்க பாத்த இடம்தானே. ஆறாம் எண்ணுக்காரங்க நேத்து ராத்திரியே மனு குடுத்துட்டாங்க. சும்மா விட முடியுமா? மேலயும் கீழயும் பெட்டி போய்ட்டு வந்தா புனிதம் கெட்டுடும்ல."

"நான் பாத்தது பொய்யின்னு எழுதிக் குடுத்துடறேன். நாடாவை எடுங்க."

"தாராளமா எழுதிக் குடுங்க. லிஃப்டைத் தொறந்துடறோம். ஆனா நீங்க பதினாலுக்குத் திரும்பிடுவீங்க. ஆப்பரேஷனுக்குத் தடை வந்துடும்." ஆய்வாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "லிஃப்ட் வேணுமா, ஆப்பரேஷன் வேணுமா, அது உங்க இஷ்டம். நம்பிக்கை விஷயத்துல நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல."

ஸ்ட்ரெச்சரில் மயக்க மருந்தின் முதல் ஊசி போட்டுக்கொண்ட மனைவி பாதிக் கண்ணைத் திறந்தார். "ஏங்க... லிஃப்ட் ரிப்பேரா?"

"ஆமாம்மா. ரெண்டே நிமிஷம்."

படிக்கட்டில் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பார்த்தார்கள். வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, ஆக்சிஜன் குழாயோடு சாய்த்தால் அந்த நிமிடமே போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். லிஃப்ட்காரர் இடுப்பிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு விதியையும் மீறியதில்லை. நாடாவை இரண்டு கையாலும் கிழித்தார். அரக்கு உடைந்து தரையில் சிதறியது. கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, நர்ஸை ஏற்றிக்கொண்டு ஏழாம் மாடிப் பொத்தானை அமுக்கினார். ஆய்வாளர் தடுக்கவில்லை. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு அறுவைக்கூடத்தின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. லிஃப்ட்காரர் லிஃப்டின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வந்து அந்த விளக்கின் கீழ் உட்கார்ந்தார். தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியும். போகட்டும். அவள் பிழைத்தால் போதும், ஜெயிலில் எத்தனை மாடி இருந்தால் என்ன. மூன்று மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரைக்குப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத காலடிகள். ஒவ்வொரு மாடியிலும் நின்று இளைப்பாறிவிட்டு வந்தன. கடைசியில் இயக்குநரும் ஆய்வாளரும் வந்து சேர்ந்தார்கள். ஆய்வாளரின் கையில் ஒரு கோப்பும் மூடி போட்ட சின்னக் காலிக் கண்ணாடி டப்பாவும் இருந்தன.

லிஃப்ட்காரர் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். "கூட்டிட்டுப் போங்கய்யா. நான்தான் உடைச்சேன். ஆனா அவங்க வெளிய வரட்டும், ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"சேச்சே, கையை எறக்குங்க," என்றார் இயக்குநர். மூச்சு வாங்கிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். "முத்திரையை உடைச்சது ஒரு சின்ன விஷயம். ஒரு மன்னிப்புக் கடிதத்துல முடிஞ்சுடும். நாங்க வந்தது உங்களுக்காக இல்ல."

"பின்ன?"

"மதம் மாறினது நீங்க. அவங்க மாறலையே. படிவத்துல ஒரு கையெழுத்துதானே இருந்தது?"

லிஃப்ட்காரர் பாக்கெட்டிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பச்சை முத்திரை, ஒரே பெயர், அவருடையது.

"அவங்க இன்னைக்கும் பதினாலுதான்," என்றார் இயக்குநர், பரிவாக. "உள்ள நடக்கறது அவங்க மதத்துக்கு விரோதம். அவங்களுக்கு நினைவில்லாத நேரத்துல அவங்க நம்பிக்கைக்கு ஒரு கெடுதல் நடந்திருக்கு. பாவம், அவங்களுக்காகப் பேச யாரும் இல்ல. நாங்கதான் பேசணும்."

"அவங்களுக்கு ஒரு நம்பிக்கையும் இல்லைங்க! நகல் கடை வச்சிருக்கறவங்கய்யா அவங்க!"

"அதைத்தானே நாங்க பாதுகாக்கறோம்." இயக்குநர் கோப்பைத் திறந்து காட்டினார். "விதி நாப்பத்தி ஒண்ணு. நம்பிக்கைக்கு மாறா ஏதாவது செஞ்சிருந்தா, எது செய்யப்பட்டுதோ அதை நீக்கி, முன்னால இருந்த நிலைக்கே கொண்டுவரணும். நாங்களா எழுதின விதி இல்ல, பழைய விதி. சுவத்துல யாராவது ஏதாவது எழுதிட்டா அழிக்கறதுக்காகப் போட்டது. நல்ல விதி." அவர் கண்ணாடி டப்பாவை வாங்கித் தட்டிப் பார்த்தார். "பழைய வால்வைத் தூக்கிப் போட்டிருக்கமாட்டாங்கன்னு நெனைக்கறேன்."

லிஃப்ட்காரர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் அவரைப் பார்த்து எதையோ எழுதினார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லை, உள்ளே தொந்தரவு செய்யக் கூடாது, முடியட்டும் என்றார். இரண்டு பேரும் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பத்து மணியிலிருந்து அந்த விளக்கு எப்போது அணையும் என்று தவித்துக்கொண்டிருந்தவர், இப்போது அது அணையவே கூடாது என்று தவித்தார். கழுத்தைத் திருப்பித் திருப்பி மேலே பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது. ஒன்று. ஒன்று ஐந்து.

ஒன்று பத்துக்கு விளக்கு அணைந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்தார். வியர்த்திருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"நல்லபடியா முடிஞ்சுது. கடிகாரம் மாதிரி ஓடுது."

இயக்குநர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோப்பிலிருந்த உத்தரவை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"கையுறையைக் கழட்டிடாதீங்க, டாக்டர்."